மே மாதக் குறிப்புகள்: வெயிலும் நியாயமும்

மே 4

ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. பகலெல்லாம் வெயிலை வாங்கிக்கொண்ட கான்கிரீட் கூரை, இருட்டிய பிறகு அதை வீட்டுக்குள் இறக்குகிறது. அம்மா ஈரத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு விடியும்வரை பால்கனியிலேயே இருந்தார். வயது 74. இந்த வயதில் வியர்ப்பது குறையும், தாகமும் சரியாகத் தெரியாது. அதனால் பிள்ளைகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்: பாட்டி கேட்கட்டும் என்று இருக்காதீர்கள், தண்ணீரைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

மே 7

2003 கோடையில் ஐரோப்பாவில் அடித்த வெப்ப அலையைப் பற்றிப் படித்தேன். 70,000 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். பிரான்சில் மட்டும் சுமார் 15,000. பெரும்பாலும் வயதானவர்கள், அதிலும் பலர் தனியாக இருந்தவர்கள். அதற்குப் பிறகுதான் அங்கே சட்டம் வந்தது. விருப்பப்படும் முதியவர்களின் பெயரை உள்ளூர் நிர்வாகம் பதிந்துவைக்க வேண்டும், வெப்ப அலை வந்தால் அவர்களைத் தொடர்புகொள்ள வேண்டும். ஒருவர் நலமாக இருக்கிறாரா என்று கேட்பதை அக்கம்பக்கத்தின் நல்ல மனசுக்கு விட்டுவிடாமல் அரசின் கடமையாக்கியது எனக்குப் பிடித்திருக்கிறது.

மே 12

பிள்ளைகளுக்குள் ஒரே சண்டை, மின்விசிறிக்கு நேரே யார் படுப்பது என்று. வேறு விசேஷம் இல்லை.

மே 15

மதியம் ஒன்றரைக்குப் பார்சல் கொண்டுவந்த பையனுக்கு முகமெல்லாம் சிவந்திருந்தது. இரண்டு தம்ளர் தண்ணீரை நின்றபடியே குடித்தான். கொஞ்சம் உட்காரச் சொன்னேன். "இல்லக்கா, லேட்டானா அடுத்த ஆர்டர் போயிடும்" என்று இறங்கி ஓடினான்.

உலகத்தில் ஆண்டுதோறும் 241 கோடித் தொழிலாளர்கள் அளவுக்கு மீறிய வெப்பத்துக்கு ஆளாகிறார்கள் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2024இல் சொன்னது. கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10 மணியிலிருந்து மதியம் 3.30 வரை வெட்டவெளி வேலைக்குத் தடை இருக்கிறது. அப்படிச் சட்டம் போட முடியும் என்பது நல்ல செய்திதான். ஆனால் ஓடினால்தான் காசு என்று இருக்கும் இந்தப் பையனுக்கு வெறும் தடை போதாது. ஓய்வு நேரத்துக்கும் கூலி வேண்டும். இல்லாவிட்டால் அவன் வெயிலில் போகத்தான் செய்வான்.

மே 17

வேலைக்கு வரும் அக்கா உச்சி வெயிலில்தான் நடந்து வருகிறார். காலையிலேயே வரச் சொன்னேன். காலையில் வேறு இரண்டு வீடு இருக்கிறதாம், நேரத்தை அவர்கள் மாற்ற மாட்டார்களாம். "அதுக்குப் பதிலா ஞாயித்துக்கிழமை லீவு குடும்மா, சம்பளம் பிடிக்காம" என்றார்.

நியாயமான கேள்வி. வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை 2011இலேயே வந்துவிட்டது. வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்கிறது. அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எனக்கு யாரு ஞாயித்துக்கிழமை குடுத்தா?" என்றார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஓய்வு எல்லோருக்கும் உரிமை என்று 1948ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனத்தின் 24ஆவது பிரிவு சொல்கிறது. அந்த எல்லோரிலும் அடுப்படியில் நின்ற அம்மாவை யாரும் சேர்க்கவில்லை, அப்பா உட்பட.

ராத்திரி அம்மாவே வந்து, "அவளுக்குக் குடுத்துடு" என்றார்.

மே 22

ஸ்விட்சர்லாந்துப் பாட்டிகளின் வழக்கை அம்மாவுக்குச் சொன்னேன். வெப்ப அலை எங்கள் உயிருக்கே ஆபத்து, அரசு செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்று முதிய பெண்களின் சங்கம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனது. 2024 ஏப்ரல் 9 அன்று வென்றது. அம்மாவுக்கு ஒரே பெருமை. ஆனால் இரண்டே மாதத்தில் அந்த நாட்டு நாடாளுமன்றம், தீர்ப்புக்காகப் புதிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று அறிவித்துவிட்டது. "அப்போ மறுபடியும் போகணும்" என்றார் அம்மா, ஏதோ தானும் அந்தச் சங்கத்தில் இருப்பதுபோல.

மே 25, ஞாயிறு

அக்காவுக்கு லீவு. பாத்திரம் பையன், துணி நான், பெருக்குவது மகள். அம்மா எதையும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டோம். அக்கா மற்ற இரண்டு வீட்டிலும் லீவு கேட்டிருக்கிறார். ஒரு வீட்டில் முடியாது என்றுவிட்டார்களாம். அந்த வீட்டு அம்மாவைத் தனக்குத் தெரியும், நாளைக்குப் போய்ப் பேசுகிறேன் என்கிறார் அம்மா. வெயில் ஏறுமுன் நானும் கூடப் போகிறேன்.