நவம்பர்லயே ஒரு தடவை ஸ்னோமொபைல் கயிறை இழுத்துப் பாத்துடுங்க

கனடால வடக்கு ஒன்டாரியோ பக்கம் வேலை கிடைச்சு வர்ற நம்ம ஆளுங்க முதல் குளிர்காலத்த எப்படியோ வீட்டுக்குள்ளயே உக்காந்து ஓட்டிடுவாங்க, ரெண்டாவது குளிர் வரும்போது தான் புரியும் இப்படியே அஞ்சு மாசம் ஜன்னலையே பாத்துட்டு இருந்தா மண்டை காய்ஞ்சிடும்னு. சட்பரி, டிம்மின்ஸ் பக்கமெல்லாம் ஜனவரில ராத்திரி மைனஸ் 25 சாதாரணம், ஆனா ஏரியெல்லாம் உறைஞ்சு, காட்டுக்குள்ள பனிப்பாதை திறந்து, ஊர்க்காரங்க எல்லாம் அந்த நேரத்துல தான் வெளிய சுத்துறாங்க. அதனால நானும் ஒரு பழைய ஸ்னோமொபைல், அதாவது பனி மேல ஓட்டுற வண்டி, வாங்கினேன். மே மாசம் வாங்கினா விலை படியும், ஏன்னா கராஜ்ல இடத்த அடைச்சுட்டு நிக்குதேன்னு விக்கிறவங்க அவசரப்படுவாங்க. ரெண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக் (பெட்ரோலோட ஆயிலும் சேந்து எரியிற இன்ஜின்), கார்பரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலந்து குடுக்கிறது) வண்டி, கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்றது.

பேப்பர் வேலை பத்தி சுருக்கமா சொல்லிடறேன். வண்டிய உங்க பேர்ல ரிஜிஸ்டர் பண்ணணும், சொந்த நிலத்துக்கு வெளிய ஓட்டினா இன்சூரன்ஸ் வேணும், ஹெல்மெட் கட்டாயம், டிரைவிங் லைசென்ஸ் இல்லன்னா ஸ்னோமொபைலுக்குன்னு தனி லைசென்ஸ் எடுக்கணும். ஓ.எஃப்.எஸ்.சிங்கிற ஒன்டாரியோ ஸ்னோமொபைல் கூட்டமைப்போட கிளப்புகள் பராமரிக்கிற பாதைல போக அவங்க பெர்மிட் தனி. இதெல்லாம் கோடைல உக்காந்து முடிக்கலாம், கஷ்டமே இல்ல.

கஷ்டம் நவம்பர்ல ஆரம்பிக்கும். வித்தவர் நல்லா தான் ஸ்டோர் பண்ணி வெச்சிருந்தேன்னு சொன்னாரு, கோடை பூரா கவர் போட்டு நின்ன வண்டி, கயிறை இழுக்க இழுக்க ஒரு சத்தமும் இல்ல. அப்புறம் சோக் (குளிர்ல ஸ்டார்ட் ஆக பெட்ரோல் கூட குடுக்கிற லீவர்) போட்டா ரெண்டு மூணு செகண்ட் உறுமும், சோக்க இறக்கினதும் அணைஞ்சிடும். தோள்பட்டை கழண்டு வந்துடும் போல இருந்துச்சு. ரோட்டுல நாய கூட்டிட்டு போறவங்க எல்லாரும் நின்னு ஒரு யோசனை சொல்லிட்டு போவாங்க, ஒருத்தர் பேட்டரிங்கிறாரு (கயிறு வண்டிக்கு பேட்டரியே கிடையாது), ஒருத்தர் குளிருக்கு அப்படித்தான் இருக்கும்ங்கிறாரு. இந்த ரெண்டாவது பேச்சு தான் புதுசா வர்ற நம்மள நல்லா ஏமாத்தும். நமக்கு குளிர்னா பயம், அதனால எது கெட்டாலும் குளிர் மேல பழிய போட்டுடுவோம். இந்த வண்டி குளிருக்காகவே செஞ்சது, 1959-ல க்யூபெக்ல வால்கூர்ங்கிற ஊர்ல பொம்பார்டியே முதல் ஸ்கி-டூ விட்ட காலத்துல இருந்து இதுக்கு இதான் வேலை. வண்டி பெரும்பாலும் கெடுறது சும்மா நிக்கிற ஆறேழு மாச வெயில்ல, அது நமக்கு தெரிய வர்றது தான் குளிர்ல.

டொரொன்டோல ஸ்கார்பரோ பக்கம் எனக்கு தெரிஞ்ச ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன் இருக்காரு, முப்பது வருஷமா இந்த நாட்டுல மெக்கானிக் வேலை. போன்ல கேட்டேன். நான் நடந்தத எல்லாம் நீளமா சொல்லிட்டு இருந்தா குறுக்க வெட்டி, "தம்பி, பிளக்கைக் கழட்டிப் பாத்தனீரே? ஈரமா இருக்கோ, காய்ஞ்சு கிடக்கோ? அதைச் சொல்லும் முதல்ல"ன்னாரு. இன்ஜினுக்கு தீப்பொறி குடுக்கிற ஸ்பார்க் பிளக்க தான் கேட்டாரு, அந்த ஒரு கேள்வில பாதி வேலை முடிஞ்சுது.

அதுக்கு முன்னாடி வெட்கப்படாம பாக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, கில் சுவிட்ச் (இன்ஜின அணைக்கிற பட்டன்) மேல தூக்கின நிலைல இருக்கா, நம்ம ஜாக்கெட்ல மாட்டிக்கிற அந்த பாதுகாப்பு கயிறோட மூடி சரியா அழுத்தி உக்காந்திருக்கா, டேங்க் வால்வு இருந்தா அது திறந்திருக்கா. இது சிரிப்பா இருக்கும், ஆனா ரெண்டு மணி நேரம் இழுத்த பிறகு இது தான் காரணம்னு தெரிஞ்சா சிரிப்பு வராது.

சரி பிளக். நாலஞ்சு தடவை இழுத்துட்டு உடனே ரெண்டு பிளக்கையும் கழட்டணும். நனைஞ்சு பெட்ரோல் வாசனை அடிச்சா எரிபொருள் வருது, ஸ்பார்க் தான் இல்ல, இல்லன்னா பெட்ரோல் அளவுக்கு மீறி ரொம்பிடுச்சு. அப்படின்னா துடைச்சு காய வெச்சு, இல்ல புது பிளக்கே போட்டு, சோக்க இறக்கிட்டு (ஆஃப் பண்ணிட்டு) திராட்டில, அதாவது ஆக்ஸிலரேட்டர, முழுசா அழுத்தி பிடிச்சுட்டு இழுக்கணும். ஒழுங்கா ஸ்டோர் பண்ண வண்டில சிலிண்டருக்குள்ள துரு பிடிக்காம இருக்க ஃபாகிங் ஆயில் அடிச்சிருப்பாங்க, அந்த எண்ணெய் பிளக்க மூடிடும், முதல் ஸ்டார்ட்ல புகை கொட்டும், அதுக்கு பயப்பட வேணாம், பழைய பிளக்ல ஸ்டார்ட் பண்ணிட்டு அப்புறம் புதுச மாட்டிக்கலாம். எந்த பிளக்னு வண்டி புத்தகத்துல போட்டிருக்கும், கைக்கு கிடைச்சத போடாதீங்க.

என்னோடது எலும்பு மாதிரி காய்ஞ்சு கிடந்துச்சு. அப்போ அண்ணன் சொன்ன சோதனை: டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்த புது பெட்ரோல் ஒரு டீஸ்பூன் மட்டும் ஒவ்வொரு பிளக் ஓட்டைலயும் விட்டு, பிளக்க மாட்டி இழுக்க சொன்னாரு. டப்னு பத்திக்கிச்சு, ஒரு உறுமு உறுமிட்டு செத்துடுச்சு. ஸ்பார்க் இருக்கு, இன்ஜின் நல்லா இருக்கு, பெட்ரோல் தான் வந்து சேரல. சில பேர் இந்த இடத்துல ஈதர் ஸ்ப்ரே (சட்டுனு பத்திக்கிற ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே) அடிப்பாங்க, அது டூ ஸ்ட்ரோக்குக்கு வேணாம், அதுல ஆயில் கிடையாது, உள்ள இருக்கிற கொஞ்ச எண்ணெய்யையும் கழுவி விட்டுடும்.

அடுத்தது டேங்க். மூடிய திறந்து மோந்து பாருங்க, கெட்டுப் போன பெட்ரோல் வார்னிஷ் அடிச்ச புது கதவு வாசனை அடிக்கும், அத கலந்து சரி பண்ணலாம்னு நினைக்காதீங்க, முழுசா உறிஞ்சு எடுத்துடுங்க. இங்க ரெகுலர் பெட்ரோல்ல எத்தனால் கலந்திருக்கும், அது காத்துல இருக்கிற ஈரத்த இழுக்கும், ரொம்ப இழுத்துட்டா தண்ணியும் எத்தனாலும் சேந்து அடில தனியா தங்கிடும், டேங்க் அடில இருந்து தான் இன்ஜின் உறிஞ்சுது, அப்புறம் எப்படி பத்தும். பழச முனிசிபாலிட்டி அபாயக் கழிவு எடுக்கிற இடத்துல குடுக்கணும், சாக்கடைல ஊத்திடாதீங்க.

புது பெட்ரோல் ஊத்தியும் அதே கதைன்னா கார்பரேட்டர கழட்ட வேண்டியது தான். இத நான் பயந்துட்டே இருந்தேன், கழட்டினதும் தான் தெரிஞ்சுது இவ்வளவு தானான்னு. அடில ஒரு சின்ன கிண்ணம், நாலு ஸ்க்ரூ. கழட்டினா உள்ள அடில பச்சை கலந்த பழுப்பு நிறத்துல பிசுபிசுன்னு ஒரு படிமம். நடுவுல மெயின் ஜெட் (ஜெட்னா பெட்ரோல் போற சின்ன ஓட்டை வெச்ச பித்தளை திருகு), அது பெரிய ஓட்டை, அவ்வளவு சீக்கிரம் அடைக்காது. பக்கத்துல குழிக்குள்ள ஒல்லியா ஒண்ணு இருக்கும், பைலட் ஜெட், ஐடில்ல (திராட்டில் குடுக்காம) ஓடுறதுக்கு பெட்ரோல் குடுக்கிறது இது தான். சரியான அளவு ஸ்க்ரூடிரைவர் இல்லாம அத தொடாதீங்க, பித்தளை, தலை நசுங்கிடும். வெளிய எடுத்து லைட்டுக்கு நேரா பிடிச்சேன், ஓட்டை வழியா வெளிச்சமே தெரியல. சோக் போட்டா மட்டும் ஓடினதுக்கு காரணம் இது தான், சோக்குக்கு தனி வழி, அதுல கொஞ்சம் வருது, சோக்க இறக்கினதும் பைலட் வழி அடைச்சிருக்கிறதால இன்ஜினுக்கு ஒண்ணும் வரல.

கார்ப் கிளீனர் அடிச்சு ஊற வெச்சு, காத்தடிச்சு, திரும்பவும் லைட்டுல பாத்தா ஊசி முனை அளவுக்கு ஒரு வட்டமான புள்ளி வெளிச்சம். கம்பி விட்டு குத்தாதீங்க, ஓட்டை அளவு கொஞ்சம் மாறினாலும் கலவை மாறிடும். கிளீனர் கண்ணுல தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கோங்க. ரெண்டு கார்பரேட்டரயும் பண்ணணும், ஒண்ண மட்டும் சுத்தம் பண்ணா ஒரு சிலிண்டர் தான் ஒழுங்கா இழுக்கும்.

கை வெச்சதோட பெட்ரோல் குழாயையும் வளைச்சு பாத்துடுங்க, கோடைல இறுகிப் போய் வெடிப்பு விட்டிருக்கும், பெட்ரோல் வெளிய ஒழுகாட்டியும் உள்ள காத்த இழுக்கும். காத்து கூடினா பெட்ரோல் குறைஞ்சு ஓடும், டூ ஸ்ட்ரோக்ல அப்படி வேகமா ஓட்டினா பிஸ்டன் உருகும். கார்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவுல இருக்கிற ரப்பர் இணைப்பும் அப்படித்தான். இன்ஜினுக்கு காத்து போற ஏர் பாக்ஸ திறந்தா எலி கூடு, நார் நாரா பஞ்சு, யார் வீட்டு மெத்தைய கடிச்சுட்டு வந்துச்சோ தெரியல. வயர கடிக்காம விட்டது என் அதிர்ஷ்டம். பேட்டரி வண்டி வெச்சிருக்கிறவங்க கோடைல பேட்டரிய கழட்டி உள்ள வெச்சு அப்பப்போ சார்ஜ் போட்டா இந்த நேரத்துல ஒரு கவலை குறையும்.

இவ்வளவும் பண்ணியும் ஸ்டார்ட் ஆகல, இழுக்கும்போது கயிறு லேசா வருதுன்னா சிலிண்டருக்குள்ள அழுத்தத்த அளக்கிற கம்ப்ரஷன் கேஜ் போட்டு பாக்கணும். ரெண்டு சிலிண்டருக்கும் நடுவுல பெரிய வித்தியாசம் வந்தா பிஸ்டன், ரிங் பக்கம் பிரச்சனை, அது மெக்கானிக் கைக்கு போற கேஸ், டிரைவ்வேல முடியாது.

எனக்கு அந்த அளவுக்கு போகல, எல்லாத்தையும் மாட்டி, பிரைமர (கையால பெட்ரோல் தள்ளி விடுற பம்ப்) அழுத்தி இழுத்தேன், பிடிச்சுக்கிச்சு, சோக்க இறக்கினேன், நிக்காம ஓடுச்சு. வெளிய வெச்சு தான் ஓட்டணும், கராஜ் கதவு திறந்திருக்கேன்னு உள்ள ஓட்டாதீங்க, கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாது.

இனி ஏப்ரல்ல நிறுத்தும்போது டேங்க்ல பெட்ரோல் கெடாம இருக்க ஸ்டெபிலைசர் ஊத்தி, அது கார்பரேட்டர் வரைக்கும் போய் சேர பத்து நிமிஷம் இன்ஜின ஓட்டி, இல்லன்னா கிண்ணத்த காலி பண்ணிட்டு, ஃபாகிங் ஆயில் அடிச்சு, ஏர் பாக்ஸ் வாய வலை போட்டு அடைச்சு நிறுத்தணும், வலை போட்டது நவம்பர்ல ஞாபகம் வர்ற மாதிரி ஹேண்டில்ல ஒரு சீட்டு கட்டிடுங்க. சீசன் முதல் ஓட்டம் வீட்டுக்கு பக்கத்துலயே இருக்கட்டும், நடந்து திரும்புற தூரம். உக்கார்ற சீட்டுக்கு அடில ரெண்டு ஸ்பேர் பிளக், பிளக் ஸ்பேனர், ஒரு ஸ்பேர் டிரைவ் பெல்ட் வெச்சுக்கோங்க. டிசம்பர் ஆரம்பத்துல ஏரி மேல மட்டும் இறங்காதீங்க, வண்டி எவ்வளவு நல்லா ஓடினாலும் சரி, ஐஸ் கெட்டியாயிடுச்சுன்னு அந்த ஊர்க்காரங்க சொல்றவரைக்கும் கரையிலயே ஓட்டுங்க.