மாருதி 800 ஹீட் ஆகிறதா? ஹெட்டைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

கார்புரேட்டர் காலத்து மாருதி 800 ஒன்று "ஹீட் ஆகுது" என்று பட்டறைக்கு வந்தால் ஸ்பானரை எடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்போம்: எப்போது ஏறுகிறது? சிக்னலில் நிற்கும்போது ஹீட் மீட்டர் முள் ஏறி, வண்டி ஓடியதும் இறங்கினால் காற்றுப் பிரச்சினை, ஃபேன் பக்கம் போகலாம். ஊருக்குள் ஒழுங்காக ஓடி, பைபாஸில் 80-ஐத் தொட்டதும் ஏறினால் தண்ணீர் போதுமான அளவு சுற்றவில்லை. ரேடியேட்டர் அடைப்பு, பெல்ட் நழுவுவது, உறிஞ்சிச் சப்பிப்போகும் கீழ் ஹோஸ் என்று தேட வேண்டும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து பத்து நிமிஷத்துக்குள் ஏறினால் தண்ணீர் குறைவு, மூடியே நின்றுவிட்ட தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடேறியதும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் வால்வு), அல்லது ஹெட் கேஸ்கட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள சீல்). இதைக் கேட்காமல் "ஹெட்டை இறக்கிடலாம்" என்று சொல்லும் மெக்கானிக்கிடம் வண்டியை விட வேண்டாம்.

முள்ளே பொய் சொல்வதும் உண்டு. சாவியைத் திருப்பியதுமே, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே, முள் H-க்கு (ஹாட் முனைக்கு) போய் நின்றால் சென்சார் வயர் எங்கோ உரசி பாடியில் எர்த் ஆகிறது. ஹெட்லைட் போட்டதும் முள் ஆடினால் எர்த் வயர் தளர்ந்திருக்கிறது. பேட்டரி நெகட்டிவ் வயர் பாடியிலும் கியர்பாக்ஸிலும் சேரும் இடங்களைச் சுரண்டி இறுக்கினால் சரியாகிவிடும்.

அடுத்தது தண்ணீர். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். ஓடி நின்ற வண்டிக்குக் குறைந்தது முக்கால் மணி நேரமாவது வேண்டும். ரிசர்வ் டேங்கில் லெவல் இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. டேங்க் நிறைந்திருக்க, ரேடியேட்டர் கழுத்தில் தண்ணீரே இல்லாத வண்டிகள் நிறைய வரும். காரணம் பெரும்பாலும் மூடிதான்.

ரேடியேட்டர் மூடியில் இரண்டு வால்வுகள். பெரிய ஸ்பிரிங் உள்ளது அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். மேலே 0.9 என்று அச்சிட்டிருந்தால், வெளிக்காற்றை விட சதுர செ.மீ.க்கு 0.9 கிலோ கூடுதல் அழுத்தம் வரை அது திறக்காது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே கொதிக்க சுமார் 118 டிகிரி ஆக வேண்டும். ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்தால் அழுத்தம் நிற்காது, 100 டிகிரியிலேயே கொதித்து ரிசர்வ் டேங்கில் கொப்பளிக்கும். நடுவில் இருக்கும் சின்ன வால்வு இன்ஜின் ஆறும்போது டேங்கிலிருந்து தண்ணீரைத் திரும்ப இழுக்க வழிவிடும். அது ஒட்டிக்கொண்டால், மறுநாள் காலையில் மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடக்கும். சின்ன வால்வை நகத்தால் இழுத்துப் பாருங்கள்: திறந்து, விட்டதும் மூட வேண்டும். டேங்குக்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாயில் ஒரு கீறல் இருந்தாலும் தண்ணீருக்குப் பதில் காற்றைத்தான் இழுக்கும். மூடியையும் இந்தக் குழாயையும் மாற்ற ஆகும் செலவு மிகக் குறைவு என்பதால் சந்தேகம் வந்தாலே மாற்றிவிடுவோம். அதிக அழுத்த மூடி போட்டால் நல்லது என்று 1.1 வாங்கிப் போடுகிறார்கள். முப்பது வயது ரேடியேட்டருக்கு அது வேண்டாம், தையல் விட்டுவிடும்.

ஃபேனுக்கு வருவோம். இந்த வண்டியில் ஃபேன் மின்சார மோட்டாரில் ஓடுவது. சிக்னலில் ஹீட் ஆகும் வண்டியில், இன்ஜின் சூடானதும் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றவில்லையா? முதலில் ஃப்யூஸ். பிறகு மோட்டார் கனெக்டரைக் கழற்றி, பேட்டரியிலிருந்து நேரடியாக இரண்டு வயர் கொடுங்கள். அப்போதும் சுற்றாமல், மோட்டாரைத் தட்டினால் மட்டும் சுற்றினால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. நேரடியாகக் கொடுத்தால் சுற்றுகிறது என்றால் அடுத்த சந்தேகம் தெர்மோ சுவிட்ச், அதாவது தண்ணீர் சூடானதும் ஃபேனை ஆன் செய்யும் சுவிட்ச். இக்னிஷனை ஆன் செய்து, அதன் கனெக்டரைக் கழற்றி, இரண்டு வயர் இருந்தால் ஒன்றோடொன்று தொடுங்கள். ஒற்றை வயராக இருந்தால் பாடியில் எர்த் செய்யுங்கள். ஃபேன் ஓடினால் சுவிட்ச்தான் போயிருக்கிறது, ஓடாவிட்டால் வயரிங், ரிலே. பக்கத்திலேயே மீட்டருக்கான சென்சார் வயரும் இருக்கும். தவறி அதை எர்த் செய்தால் முள் H-க்கு ஓடும், அதை வைத்தே எது எது என்று தெரிந்துகொள்ளலாம்.

மோட்டார் மாற்றிய பிறகும் ஹீட் குறையவில்லை என்று வரும் வண்டிகளில் ஒரு விசித்திரம் பார்க்கலாம். பிளஸ், மைனஸ் வயர்கள் மாறிப் போயிருக்கும். ஃபேன் சுற்றும், சத்தமும் வரும், ஆனால் காற்றை உள்ளே இழுக்காமல் முன்பக்கம் தள்ளும். ஒரு முழு செய்தித்தாள் தாளை கிரில் முன்னால் பிடியுங்கள். தாள் ஒட்டிக்கொண்டால் சரி, பறந்து விலகினால் வயரை மாற்றிப் போடுங்கள்.

வாட்டர் பம்பும் ஆல்டர்நேட்டரும் ஒரே பெல்ட்டில் ஓடுகின்றன. அதனால் ஹீட் முள் ஏறும்போதே பேட்டரி விளக்கும் எரிந்தால் வேறெதையும் தேடாதீர்கள்: பெல்ட் அறுந்திருக்கிறது, அல்லது நழுவுகிறது. இரண்டு புல்லிக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் 6 முதல் 9 மி.மீ. வரை இறங்கலாம். பம்பின் அடியில் ஒரு சின்ன துளை இருக்கும். அதன் கீழே வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் படிந்திருந்தால் உள் சீல் கசிகிறது. அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைத்தால் தண்ணீர் பேரிங்குக்குப் போய் பம்பே உடையும்.

தெர்மோஸ்டாட் பற்றித்தான் அதிகச் சண்டை. "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு, கழட்டிப் போடுங்க" என்பது பட்டறைகளில் பழகிப்போன பேச்சு. அது இல்லாவிட்டால் இன்ஜின் சூடேறவே நேரமாகும், சோக்கை அதிக நேரம் இழுத்து வைக்க வேண்டியிருக்கும், பெட்ரோல் ஆயிலில் கலக்கும், மைலேஜ் விழும். ஹீட் பிரச்சினை அடைபட்ட ரேடியேட்டரால் என்றால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றியும் போகாது. சோதிப்பது சுலபம். வால்வு வாயில் ஒரு நூலை மாட்டி, பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடாக்குங்கள். அதன் மேல் 82 என்று பொறித்திருந்தால் 82 டிகிரி வாக்கில் நூலிலிருந்து நழுவி விழ வேண்டும். 95-ஐ நெருங்கும்போது வால்வு சுமார் 8 மி.மீ. திறந்திருக்க வேண்டும். திரும்பப் பொருத்தும்போது ஓரத்தில் உள்ள காற்றுத் துளை மேல்பக்கம் வரட்டும்.

ரேடியேட்டர் அடைப்பைக் கையாலேயே கண்டுபிடிக்கலாம். இன்ஜின் சூடானதும் சாவியை எடுத்துவிட்டு, ஃபேன் நின்றபின் ரேடியேட்டர் கோரை (குழாய்கள் உள்ள நடுப்பகுதியை) தடவினால் ஒரு பகுதி சூடாகவும் ஒரு பகுதி சில்லென்றும் இருக்கும்; சில்லென்ற இடத்தில் தண்ணீர் ஓடவில்லை. போர் தண்ணீரையே வருஷக்கணக்கில் ஊற்றிய வண்டிகளில் கழுத்து வழியாகவே வெள்ளை உப்பு தெரியும். பழைய செம்பு ரேடியேட்டர் என்றால் மேல் டேங்கைப் பிரித்து, குழாய்களில் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, மறுபடி பற்றவைக்கலாம். பிளாஸ்டிக் டேங்க் வைத்த அலுமினியத்தில் அந்த வேலைக்கு வழியில்லை, மாற்றுவதுதான். ஒழுகலை நிறுத்த மஞ்சள் பொடி போடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. நடுரோட்டில் நின்ற வண்டியை வீடு சேர்க்க அது உதவும்தான். ஆனால் ஒழுகும் ஓட்டையை அடைக்கும் அதே பொடி ஓடுகிற குழாய்களையும் அடைக்கும். போட்டால் அடுத்த நாளே முழுத் தண்ணீரையும் இறக்கி, கழுவிவிட வேண்டும்.

இத்தனையும் சரி, ஆனாலும் ஏறுகிறது என்றால்தான் கேஸ்கட். காலையில், ஆறிய இன்ஜினில், மூடியைத் திறந்து, கழுத்து வரை தண்ணீர் விட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஆரம்பத்தில் சில குமிழ்கள் வருவது சகஜம். நிற்காமல் வந்துகொண்டே இருந்து, ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் அதிகமானால், சிலிண்டர் வாயு தண்ணீருக்குள் வருகிறது. மூன்று பிளக்கையும் கழற்றினால் ஒன்று மட்டும் நீராவியில் கழுவியதுபோல் வெளுத்திருக்கும். ஆயில் மூடியில் வெண்பழுப்பு நுரை என்பது அவ்வளவு நம்பகமான அடையாளமல்ல, குறைந்த தூரமே ஓடும் வண்டியிலும் அது வரும். கம்ப்ரஷன் கேஜில் சிலிண்டர்களுக்குள் 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஹெட்டைக் கழற்றலாம். தண்ணீர் குறையவே இல்லாமல், வேகத்தில் மட்டும் ஹீட் ஆகி, இழுவையும் இல்லாவிட்டால் இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருக்கிறதா, கார்புரேட்டர் கலவை மெலிந்திருக்கிறதா, பிரேக் பிடித்துக்கொண்டு சக்கரம் சுடுகிறதா என்று அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பிளாட்டினம் பாயின்ட் உள்ள மாடலில் அதன் இடைவெளி 0.4-லிருந்து 0.5 மி.மீ.

கழற்றிய ஹெட் அலுமினியம், சூட்டில் வளையும். நேர்ப்பட்டையை நீளத்திலும் குறுக்கிலும் மூலைவிட்டத்திலும் வைத்து, 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் எங்காவது நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். நுழைந்தால் சர்ஃபேஸ் கிரைண்டிங். புது கேஸ்கட்டை மட்டும் போட்டு மூடினால் மறுபடி ஊதும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்றாக, டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள். டைமிங் பெல்ட் எப்படியும் கழன்றிருப்பதால் அதையும் டென்ஷனரையும் அப்போதே மாற்றுவது மிச்சம்.

பிறகு பாதி கூலன்ட், பாதி டிஸ்டில்டு வாட்டர். வண்டியின் மூக்கு சற்று மேடாக இருக்கும்படி நிறுத்தி, ஹீட்டர் இருந்தால் ஹாட்டில் வைத்து, மூடி திறந்தபடியே மெதுவாக ஊற்றுங்கள். ஐட்லிங்கில் ஓடவிட்டு, மேல் ஹோஸ் சூடானதும் லெவல் சட்டென்று இறங்கும். அப்போது நிரப்பி, குமிழ் நின்றதும் மூடுங்கள். ஒரு ரவுண்டு ஓட்டி, முழுக்க ஆறவிட்டு, மறுநாள் காலை ரேடியேட்டர் கழுத்தில் லெவல் பார்த்துவிட்டு வண்டியைக் கொடுங்கள்.