நேபாளத்துக்கு மருந்துப் பெட்டி கட்டிய கதை

2015 ஏப்ரல் 25 நண்பகல் வாக்கில் நேபாளத்தில் பூமி அதிர்ந்தது. அளவு 7.8. அங்கே சனிக்கிழமைதான் வார விடுமுறை என்பதால் பள்ளிக்கூடங்கள் பூட்டியிருந்தன. அப்படியும் கிட்டத்தட்ட 9,000 பேர் செத்துப்போனார்கள், காயம்பட்டவர்கள் 22,000 பேருக்கு மேல். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மருந்துக்கடை வைத்திருக்கிற எனக்கு இதில் வேலை வந்தது புதுச்சேரியில் உள்ள ஓர் எலும்பு டாக்டரால். தாதிங் மாவட்டத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி அவரையும் கூட மூன்று பேரையும் வரச் சொல்லிக் கடிதம் அனுப்பியிருந்தது. "ஆள் நாங்க போயிடறோம், மருந்து நீங்க பாருங்க" என்றார்.

மருந்து சேர்ப்பது பெரிய காரியமே இல்லை. கடை வாசலில் ஒரு அட்டை எழுதி வைத்தால் போதும், கடலூரில் கொடுக்காதவர்கள் கிடையாது. வந்ததில் பாதியைத் திருப்பிக் கொடுப்பதுதான் பாடு. பாதி குடித்த இருமல் டானிக், வெட்டியெடுத்ததில் பெயர் போய்விட்ட மாத்திரைத் துண்டுகள், ஜூலையோடு காலாவதியாகிற ஆன்டிபயாடிக், 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சிட்ட சாம்பிள்கள் ஒரு சாக்கு. மருந்து நன்கொடைக்கு உலக சுகாதார நிறுவனம் விதிமுறையே வைத்திருக்கிறது: போய்ச் சேரும்போது குறைந்தது ஒரு வருடமாவது ஆயுள் மிச்சம் இருக்க வேண்டும், ஒருவருக்குக் கொடுத்துத் திரும்பி வந்த மருந்து கூடாது, சாம்பிளும் கூடாது, மேலே மருந்தின் பொதுப்பெயர் (ஜெனரிக் பெயர்) இருக்க வேண்டும். அந்த விதியைத் தமிழில் எழுதிக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். "சார், கோவிச்சுக்காதீங்க, மேல பாருங்க" என்று கை காட்டிவிட்டால் என்மேல் வருத்தம் வராது.

சுனாமியின்போது சாலையோரம் மலை மலையாகக் கிடந்த பழைய துணியைப் பார்த்த ஊர் இது. வேண்டாத பொருள் வந்து இறங்கினால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதனாலேயே சீக்கிரம் புரிந்துகொண்டார்கள். அடுத்த நாளிலிருந்து பொருளுக்குப் பதில் பணமாக வந்தது. ரசீது கேட்டவர்களுக்கு, நாங்கள் டிரஸ்ட் எதுவும் இல்லை, வரிவிலக்கு வேண்டுமானால் பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கு அனுப்புங்கள், வருமான வரிச் சட்டம் 80ஜி-யில் முழுத் தொகைக்கும் கழிவு உண்டு என்று சொல்லி அனுப்பினேன். மற்றபடி வரவு செலவை அன்றன்றைக்கே எழுதி அதே சுவரில் ஒட்டினோம்.

டாக்டர் கொடுத்த பட்டியல் எனக்கே புதிதாக இருந்தது. நிலநடுக்கம் என்றதும் நான் நினைத்தது குளுக்கோஸ் பாட்டில். அவர் சிரித்தார். இடிபாட்டில் மணிக்கணக்கில் நசுங்கிக் கிடந்த காலை விடுவித்ததும், செத்த தசையில் இருந்து பொட்டாசியமும் மற்ற கழிவும் ரத்தத்தில் கலக்கும். இதயம் நிற்கலாம், சிறுநீரகம் செயலிழக்கலாம். அதற்கு ஆளை வெளியே இழுப்பதற்கு முன்பே சலைன் ஏற்ற ஆரம்பிக்க வேண்டும், பிறகு டயாலிசிஸ் தேவைப்படும். "அந்தச் சண்டை முதல் ரெண்டு மூணு நாள்ல முடிஞ்சிடும். நாம போய்ச் சேரும்போது கட்டுப் போட்ட காலும், சீழ் பிடிச்ச காயமும்தான் இருக்கும்." ஆகவே பட்டியலில் இருந்தது மாவுக்கட்டு பேண்டேஜ், காஸ் துணி, பஞ்சு, கையுறை, காயம் கழுவும் போவிடோன் அயோடின், தையல் நூல், வலி மாத்திரை, ஆன்டிபயாடிக். டெட்டனஸுக்குப் போடும் டி.டி. ஊசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அக்னி நட்சத்திர வெயிலில், ஐஸ் பெட்டியை நம்பி, வடக்கே போகும் ரயிலில் அது வேண்டாம், நேபாள எல்லைக்கு முன்னால் உள்ள கோரக்பூரிலேயே வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். மார்ஃபின் மாதிரியான மருந்துகளை அனுமதி இல்லாமல் எல்லை தாண்டி எடுத்துப்போக முடியாது, அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பட்டியலில் ஒரு சேர்க்கை எங்கள் ஊருடையது. தேவனாம்பட்டினத்தில் இருந்து மாதா மாதம் மாத்திரை வாங்க வரும் ஓர் அம்மா இருநூறு ரூபாயைக் கல்லாவில் வைத்துவிட்டுக் கேட்டார்: "பி.பி., சுகர் மாத்திரை போடறியா தம்பி? சுனாமி வந்தப்போ எங்களுக்குச் சோறு வந்திச்சு, துணி வந்திச்சு. வீட்டோட போன சுகர் மாத்திரைய யாரும் கேக்கல. என் வீட்டுக்காரரு பதினஞ்சு நாள் மாத்திரை இல்லாம கெடந்தாரு." டாக்டருக்கு அப்பொழுதே போன் போட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பி.பி.க்கு அம்லோடிபின், சுகருக்கு மெட்ஃபார்மின், ரெண்டும் போடுங்க, தாராளமாவே போடுங்க" என்றார்.

பெட்டி கட்டுவது தனிக் கலை. ஒரு ஆள் முதுகில் சுமந்து மலை ஏற முடிகிற கனத்துக்கு மேல் எந்தப் பெட்டியும் இருக்கக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு. மாவுக்கட்டு ஈரம் பட்டால் கல்லாகிவிடும், பாலித்தீனில் இரண்டு சுற்று. கேப்ஸ்யூல் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், முடிந்தவரை மாத்திரையாகவே எடுத்தோம். ஒவ்வொரு பெட்டியிலும் எல்லாமும் கொஞ்சம் கொஞ்சம் வைக்கலாம் என்று கடைப்பையன் சொன்னான். டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு பெட்டியில் ஒரு வகை, நாலு பக்கமும் எண், அந்த எண்ணுக்கு ஒரு பட்டியல்: பொதுப்பெயர், பேட்ச் நம்பர், காலாவதி தேதி, எண்ணிக்கை, மதிப்பு. கூடவே மொத்த விற்பனையாளர் பில், 'இலவச உதவி, விற்பனைக்கு அல்ல' என்ற கடிதம், டாக்டர்களின் பதிவுச் சான்று நகல், அழைத்த ஆஸ்பத்திரியின் கடிதம். எல்லாவற்றிலும் மூன்று மூன்று பிரதி. எனக்கு இது கொஞ்சம் அதிகப்படியாகத்தான் பட்டது.

சென்னையில் ராப்திசாகர் எக்ஸ்பிரஸ் பிடித்துக் கோரக்பூர், அங்கிருந்து ஜீப்பில் சுனௌலி எல்லை. விமானத்தில் போயிருக்கலாமே என்று பலர் கேட்டார்கள். காத்மாண்டு விமான நிலையத்துக்கு ஒரே ஓடுபாதை, அதுவும் பளு தாங்காமல் பெரிய விமானங்களை நிறுத்திவிட்டார்கள். நிவாரணப் பொருள் சுங்கத்தில் தேங்குகிறது என்று ஐ.நா.வே அப்போது வெளிப்படையாகச் சொன்னது. எல்லையில் அதிகாரி பட்டியலைப் பார்த்து, ஏதோ ஒரு எண்ணைச் சொல்லி அந்தப் பெட்டியை மட்டும் பிரிக்கச் சொன்னாராம். உள்ளே இருந்ததும் தாளில் இருந்ததும் ஒத்துப்போனதால் மற்றதைத் தொடவில்லை. போனில் இதைக் கேட்டபோது மூன்று பிரதி மேல் இருந்த கோபம் போய்விட்டது.

அங்கே முதலில் தீர்ந்தது காஸ் துணி. அடுத்து, மாவுக்கட்டுக்கும் முன்னால், பி.பி. மாத்திரை. மலையில் வயதானவர்கள் அதிகம், இளவட்டங்கள் வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள் என்று டாக்டர் சொன்னார். அந்த அம்மா அடுத்த மாதம் வந்தபோது சொன்னேன். "நான் சொன்னேன்ல" என்றார், அவ்வளவுதான்.

மே 12-ல் மறுபடியும் 7.3 அளவில் அதிர்ந்தது. குழு அப்போது அங்கேதான் இருந்தது, நல்லவேளை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது பட்டியல் வந்தது. மழைக்காலம் நெருங்குவதால் இந்த முறை பேதிக்கு ஓ.ஆர்.எஸ்., தண்ணீரில் போடும் குளோரின் மாத்திரை, சொறி சிரங்கு களிம்பு. பெட்டியெல்லாம் கட்டவில்லை. சுவரில் ஒட்டிய கணக்கில் மிச்சம் இருந்ததை அப்படியே அனுப்பினோம், அவர்களுக்குத் தெரிந்த கோரக்பூர் மொத்தக் கடையில் வாங்கிக்கொண்டார்கள். விலை இங்கேயும் அங்கேயும் ஏறக்குறைய ஒன்றுதான், லக்கேஜ் கட்டணம் மிச்சம்.