பன்னிரண்டு கூற்றுகளுக்கு அப்பால்

தண்டுவடக் காயமடைந்தவர்களுக்கான மறுவாழ்வுப் பிரிவில் சமூகப் பணியாளராக இருக்கும் நான், ஒருவருக்குள்ள சமூக ஆதரவை அறியப் பெரும்பாலும் ஜிமெட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1988இல் வெளியிட்ட அளவுகோலையே பயன்படுத்துகிறேன். குடும்பம், நண்பர்கள், நெருக்கமான ஒருவர் என்று மூன்று பிரிவுகள், பிரிவுக்கு நான்காக 12 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

ஆனால் இந்தக் காயத்தில் ஆதரவு ஆறுதல் சொல்லோடு நிற்பதில்லை. படுக்கைப்புண் வராமல் இரவில் எழுந்து உடலைத் திருப்பிப் படுக்கவைப்பது, கைகளும் செயலிழந்தவருக்கு நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றுவது, மார்புப் பகுதியின் ஆறாவது தண்டுவட மட்டத்திலோ அதற்கு மேலோ காயம்பட்டவருக்குத் திடீரென இரத்த அழுத்தம் ஏறித் தலை வலித்தால் உடனே நிமிர்த்தி உட்காரவைத்துச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்கிறதா என்று பார்ப்பது, இவை எல்லாமே ஆதரவுதான். மேற்சொன்ன அளவுகோல் இவற்றைத் தனியாகக் கேட்பதில்லை. 1991இல் ஷெர்போர்னும் ஸ்டூவர்ட்டும் உருவாக்கிய அளவுகோலில் நேரடி உதவி தனிப் பிரிவாகவே இருப்பதால், அதையும் சேர்த்துக் கேட்பது நல்லது என்பேன்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பவை குறைந்த மதிப்பெண்கள் அல்ல, உயர்ந்தவை. மணமான ஒருவர் குடும்பத்துக்கும் நெருக்கமானவருக்கும் முழு மதிப்பெண் தரும்போது, அந்த எட்டுக் கூற்றுகளுக்கும் அவர் மனத்தில் நினைத்தது பெரும்பாலும் மனைவி ஒருவரையே. தாளில் இரண்டு தூண்களாகத் தெரிவது உண்மையில் ஒன்றுதான். ஆகவே, "அவருக்கு இரண்டு நாள் காய்ச்சல் வந்தால் உங்களை யார் கட்டிலிலிருந்து தூக்கி உட்காரவைப்பார்கள்?" என்று நான் தனியாகக் கேட்கிறேன். பதில் வரத் தாமதமானால், பராமரிப்பை இன்னொருவருக்கும் கற்றுக்கொடுக்கும் வேலையை வீடு திரும்பும் நாளுக்கு முன்பே தொடங்கிவிடுகிறோம்.

பேனா பிடிக்க முடியாதவருக்காகப் பராமரிப்பவரே தாளில் குறிப்பதை நான் அனுமதிப்பதில்லை. தன்னைக் குளிப்பாட்டி உடுத்திவிடுபவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவருடைய அன்புக்கு எவராலும் 3 என்று சொல்ல முடியாது. கூற்றுகளை நானே படித்து, வேறு எவரும் இல்லாத அறையில் பதிலைக் குறித்துக்கொள்கிறேன்.

நண்பர்கள் பிரிவில் எண் குறைந்தால் உறவு முறிந்துவிட்டது என்று எழுதிவிடுவதும் சரியல்ல. வழக்கமாகக் கூடும் இடம் மாடியில் இருந்து, அங்கே சாய்தளமோ மின்தூக்கியோ இல்லையென்றால் சக்கர நாற்காலியில் இருப்பவர் போவது நின்றுவிடுகிறது. கொஞ்ச காலத்தில் அழைப்பும் நின்றுவிடுகிறது. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் படிக்கட்டையும் நான் குறித்துவைக்கிறேன்.