கொரியன் புல்லுக்குள் கோரையும் அருகும்: இதுவரை செய்தது

வீட்டு முன் புல்தரையில் கொரியன் புல் போட்டிருக்கிறேன். மெதுவாகப் படரும் ரகம் என்பதால், இடைவெளி கிடைத்த இடத்திலெல்லாம் வேறு புல் ஏறிவிடுகிறது. இப்போது குடியேறியிருப்பவை மூன்று. மூன்றுக்கும் ஒரே வைத்தியம் செல்லாது.

முதலாவது, வெளுத்த தட்டைத் தண்டோடு நடுவிலிருந்து வட்டமாகத் தரையில் படுக்கும் புல். விதையில் முளைப்பது, கால் பட்டுப் பட்டு இறுகிய மண்ணில்தான் அதிகம் வருகிறது. கதிர் முற்றுமுன் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தைக் கம்பியால் குத்தித் தளர்த்தினேன். பெரும்பாலும் தொல்லை தீர்ந்தது.

அடுத்தது கோரை. இது புல் இனமே இல்லை. தண்டை விரலிடையில் உருட்டினால் மூன்று பட்டை தட்டுப்படும். சும்மா இழுத்தால் மேல்பாகம் மட்டும் கையோடு வரும். ஈர மண்ணில் களைக்கொத்தை ஆழமாக இறக்கினால், கறுப்பு நூல் மாதிரி ஒன்றில் கிழங்குகள் வரிசையாகக் கோத்திருப்பது தெரியும். அந்தச் சரம் அறுந்தால், அதுவரை உறங்கிக் கிடந்த கிழங்கும் முளைக்கும். அதனால் சரம் முழுசாக வரும் இடத்தில் மட்டும் தோண்டுகிறேன். மற்ற இடத்தில் துளிர் வர வர கிள்ளி எறிகிறேன். ஐந்தாறு இலை விட விட்டால் கீழே புதுக் கிழங்கு வைக்க ஆரம்பித்துவிடும். அடர்ந்த ஒரு திட்டுக்கு மட்டும் ஹாலோசல்ஃபியூரான் என்ற களைக்கொல்லியைத் தெளித்தேன், லேபிளில் கொரியன் புல் இருக்கிறதா என்று பார்த்த பிறகு. வேலை செய்கிறது, ஆனால் நிதானமாக. கோரை மஞ்சளாவதற்கே பொறுமை வேண்டும்.

நிஜமான தலைவலி அருகுதான். அதுவும் புல், கொரியனும் புல்; ஒன்றை விட்டு ஒன்றைக் கொல்லும் மருந்து சுலபத்தில் அமையாது. பூ வந்தால் அடையாளம் தெளிவு: அருகுக்கு விரல்களாகப் பிரிந்த கதிர், கொரியனுக்கு ஒற்றைக் கதிர். கொடியை நுனியிலிருந்து பின்னோக்கித் தடவிப் போய், வேர்விட்ட கணு ஒவ்வொன்றையும் கிளப்புகிறேன். தழைச்சத்து உரத்தையும் குறைத்துவிட்டேன், அதை முந்திக்கொண்டு தின்பது அருகு. அருகுக்கு நிழல் ஆகாது என்பதால் வெட்டும் உயரத்தைக் கொஞ்சம் ஏற்றினேன். மர நிழல் விழும் ஓரத்தில் அது மெலிந்திருக்கிறது, வெயில் பக்கம் அசையவில்லை.

முழுக்க அருகாகிப்போன மூலையை நனைத்து, தெளிவான பாலித்தீன் விரித்து, ஓரத்தை மண்ணால் அடைத்திருக்கிறேன். கோடை முடியும்வரை கிடந்து, வெயில் சூட்டில் அருகு வேகட்டும். எடுத்தபின் மிஞ்சிய வேர்த்தண்டைப் பொறுக்கிவிட்டு, நல்ல பக்கத்திலிருந்து கொரியன் பத்தை வெட்டி வைக்க வேண்டும்.