ஸ்ட்ரெச்சரை விட்டு இறங்கியவர்

அவசர சிகிச்சைப் பிரிவில் 11 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். நினைவில்லாத ஒருவரைத் தூக்கிக் கட்டில் மாற்ற எங்களில் மூன்று பேராவது வேண்டும். அதுவும் சமதரையில், நல்ல வெளிச்சத்தில். அதனால்தான் டெஸ்மண்ட் டாஸைப் பற்றி எப்போது படித்தாலும் எனக்கு முதலில் தோள்தான் வலிக்கும்.

1945 மே, இரண்டாம் உலகப் போர், ஜப்பானின் ஒகினாவா தீவு. அமெரிக்காவின் 77ஆவது காலாட்படை டிவிஷனில் அவர் மருத்துவ உதவியாளர். மத நம்பிக்கையால் ஆயுதம் தொடாதவர். பயிற்சி முகாமில் அவர் ஜெபிக்கும்போது ஷூவை வீசியிருக்கிறார்கள். மயேடா செங்குத்துப் பாறையின் உச்சியில் ஜப்பானியர் திருப்பித் தாக்கியதும், இறங்க முடிந்தவர்கள் இறங்கிவிட்டார்கள். டாஸ் இறங்கவில்லை. குண்டு மழைக்கு நடுவே அடிபட்டவர்களை ஒவ்வொருவராக விளிம்புக்குக் கொண்டுவந்து, கயிறு கட்டிக் கீழே இறக்கினார். அதிகாரிகள் 100 பேர் என்றார்கள். அவரோ 50க்கு மேல் இருக்காது என்றார். கடைசியில் 75 என்று பதிவானது.

எல்லோரும் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறார்கள். என்னை உலுக்கியது மே 21.

அன்று இரவுத் தாக்குதலில் ஒரு கையெறிகுண்டு அவர் கால்களைச் சிதைத்தது. இன்னொரு உதவியாளரை மறைவிடத்திலிருந்து வெளியே வரவழைக்க மனமில்லாமல், தானே கட்டுப் போட்டுக்கொண்டு ஐந்து மணி நேரம் காத்திருந்தார். ஒருவழியாக ஸ்ட்ரெச்சர் வந்து, தூக்கிக்கொண்டு போகும் வழியில் டாங்கித் தாக்குதல். பக்கத்தில் தன்னைவிட மோசமாக அடிபட்ட ஒருவர் கிடந்தார். டாஸ் ஊர்ந்து இறங்கி, "முதலில் அவரைக் கவனியுங்கள்" என்று அனுப்பிவிட்டார்.

யாரை முதலில் பார்ப்பது என்பது எங்கள் வேலையில் தினமும் வரும் முடிவு. வலி இல்லாமல் நின்றுகொண்டு எடுக்கும்போதே நான் தடுமாறியிருக்கிறேன். ரத்தம் போய்க்கொண்டிருக்கும் மனிதர் பக்கத்து ஆளின் காயத்தை அளந்து பார்த்து, தன்னுடையது காத்திருக்கலாம் என்று முடிவெடுக்கிறார். துணிச்சல் என்றால் எனக்கு இதுதான்.

ஸ்ட்ரெச்சர் திரும்பி வருவதற்குள் குண்டு பாய்ந்து கை எலும்பு முறிந்தது. ஒரு துப்பாக்கியின் அடிக்கட்டையை அதில் வைத்துக் கட்டினார். அதுவரை தொடாத துப்பாக்கியை அவர் எடுத்தது முறிந்த கைக்கு அணை கொடுக்கத்தான். பிறகு கரடுமுரடான தரையில் 300 கஜம் ஊர்ந்தே சிகிச்சை முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார்.

300 கஜம் என்றால் 270 மீட்டருக்கும் கொஞ்சம் மேலே. எங்கள் வார்டு நடைபாதை 40 மீட்டர். போன வாரம் இரவு டியூட்டி முடிந்ததும், அந்த நீளத்தை ஏழு முறை நடந்து பார்த்தேன். நான்காவது முறையிலேயே கண் கலங்கிவிட்டது.