40 மூலையில் 16 முடிந்தது

சோபாவின் ஐந்து மெத்தைகளுக்கு உறை தைக்கிறேன், ஒவ்வொன்றுக்கும் மேலும் கீழுமாக எட்டு மூலை. நேற்று ராத்திரி ரெண்டாவது உறையின் கடைசி மூலையும் சுருக்கம் இல்லாமல் திரும்பிவிட்டது. மூன்று வாரமாகப் பிரித்துப் பிரித்துத் தைத்ததற்குப் பலன். அவ்வளவு சந்தோஷம்.

அப்பா தக்கலையில் செய்வித்த அயனி மர சோபா. சட்டம் கல் மாதிரி இருக்கிறது, ஃபோம்தான் பொடிந்து மாவாகிவிட்டது. வீடு குளச்சல் பக்கம். உப்புக்காற்றில் பழைய உறையின் உலோக ஜிப் துருவேறி இறுகிவிட்டதால் இந்தத் தடவை நைலான் ஜிப். மெத்தை 22-க்கு 22, கனம் 4 அங்குலம், ஃபோமின் அடர்த்தி 40 டென்சிட்டி. ஃபோமை உறையைவிட அரை அங்குலம் கூட்டியே வெட்டச் சொன்னேன், இல்லாவிட்டால் மூலை தொளதொளவென்று கிடக்கும்.

பைப்பிங்தான், அதாவது உறையின் விளிம்பில் உள்ளே கயிறு வைத்துத் தைக்கும் துணிப்பட்டைதான், பாடாய்ப் படுத்தியது. ஒரு மெத்தைக்கு மேலும் கீழுமாக 176 அங்குலம் வேண்டும். துணியை மிச்சம் பிடிக்க முதலில் நேர் இழையில் பட்டை வெட்டினேன். அது வளையவே இல்லை, எட்டு மூலையும் சுருங்கியது. அத்தனையையும் பிரித்துவிட்டு, கிராஸாக 45 டிகிரியில் ஒன்றரை அங்குலப் பட்டை வெட்டி, உள்ளே 5 மில்லிமீட்டர் கயிறு வைத்தேன். துணி கூடுதலாகத்தான் போகும். போகட்டும்.

அப்புறமும் மூலை மசியவில்லை. மூலைக்கு அரை அங்குலம் முன்பே நிறுத்தி, பைப்பிங்கின் ஓரத் துணியில் மூன்று சின்ன வெட்டு போட வேண்டும். கத்தரி நுனி தையலைத் தொடக்கூடாது. ஊசியைத் துணிக்குள் இறக்கி வைத்துக்கொண்டு ஃபுட்டை (துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் கால்) தூக்கி, துணியைப் பாதி திருப்பி, கையால் சக்கரத்தைச் சுற்றி ரெண்டு தையல், பிறகு மீதித் திருப்பம். ஒரே மூச்சில் திருப்பினால் மூலை முயல்காது போல் கூர்ந்து நிற்கும். ஜிப் தைக்கும் ஒற்றைக்கால் ஃபுட் கட்டாயம், சாதாரண ஃபுட் கயிற்றின் மேல் ஏறிக்கொள்ளும். நாலடுக்குத் துணியில் 16-ஆம் நம்பர் ஊசி முறிந்தது, 18 தாங்குகிறது.

ஃபோமை பாலிதீன் உறையில் சுற்றி உள்ளே தள்ளிவிட்டு, பாலிதீனை மட்டும் உருவிவிடுங்கள். வழுக்கிக்கொண்டு போகும்.

அடுத்து வராந்தா நாற்காலிகளுக்கு ரப்பரைஸ்டு காயர் போட ஆசை. தென்னை நாரும் ரப்பர் பாலும் சேர்ந்த சரக்கு, ரெண்டுமே நம்ம ஊரில் விளைவது. மார்த்தாண்டத்தில் விசாரிக்க வேண்டும். ஃபோமை விடக் காற்றோட்டம் நன்றாக இருக்கும்.

மீதி மூன்று உறைக்கான பருத்தித் துணியை, தைத்த பிறகு சுருங்காமல் இருக்க, நனைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். ஐப்பசி மழை ஒருநாள் விட்டால் வெட்டிவிடுவேன்.